மன்னர் முகம், நூற்றைம்பது நகல்

ஆலங்காயத்துக்காரர்களுக்குக் காவலூர் வானாய்வகம் பக்கத்து ஊர் சமாச்சாரம். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்துக் கடக்கவிருந்தது. அதற்குச் சற்று முன்பே விண்மீனின் ஒளி மங்கியதை அங்குள்ள 1 மீட்டர் தொலைநோக்கியில் ஜே. சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் பதிவு செய்தார்கள். யுரேனஸின் வளையம் செய்த வேலை அது. 1781இல் இந்தக் கோளைக் கண்ட வில்லியம் ஹெர்ஷல், இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜின் பெயரைத்தான் அதற்குச் சூட்டினார். அந்தப் பெயர் ஒட்டவில்லை. மன்னரின் எண்ணெய் ஓவியம் மட்டும் சென்னை ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தின் மாடியில் இருக்கிறது. (கோட்டைக்குப் பெயர் தந்தவர் வேறு ஜார்ஜ், அவர் புனிதர்.)

1761இல் முடிசூடியபோது மூன்றாம் ஜார்ஜுக்கு வயது 23. முடிசூட்டுக் கோலத்தில் அவரை வரைந்தவர் ஸ்காட்லாந்தின் ஆலன் ராம்சே. பொன்னிற உடை, அதன்மேல் கரும்புள்ளி வைத்த வெள்ளை மென்மயிர் அங்கி. நம் அரசு அலுவலகங்களில் முதல்வர் படம் மாட்டுவதுபோல, தூதர்களுக்கும் ஆளுநர்களுக்கும் இந்தப் படம் போயாக வேண்டும். ஒவ்வொன்றையும் கையால்தான் வரைய வேண்டும். மன்னரும் அரசி ஷார்லட்டுமாக, நூற்றைம்பது ஜோடிக்கு மேல் ராம்சேயின் லண்டன் பட்டறையிலிருந்து வெளியேறின.

இத்தனை நகல் எடுக்க எண்ணெய்ச் சாயத்தின் குணம் தோதாக அமைந்தது. ஆளிவிதை எண்ணெய் தண்ணீரைப்போல ஆவியாகிக் காய்வதில்லை. காற்றின் ஆக்சிஜனை உள்ளே இழுத்து, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக் கெட்டிப்படுகிறது. நாள்கணக்கில் ஆகும். ஒரு படத்தின் பூச்சு காய்வதற்குள் அடுத்த படத்துக்குப் போகலாம். அரைகுறை மன்னர்கள் பலர் ஒரே அறையில் நிற்பார்கள். காய்ந்த வெளிர் பூச்சின்மேல் கண்ணாடிபோல் மெல்லிய நிறப்பூச்சு ஏறும். வெளிச்சம் அதன் ஊடே இறங்கி, அடிப்பூச்சில் பட்டுத் திரும்பி வரும். வரைந்த பட்டுத்துணி மினுமினுப்பது அதனால்தான். மென்மயிரின் வெண்மைக்கு ஈய வெள்ளை; உடம்புக்கு நஞ்சு, ஆனால் சாயத்தைச் சீக்கிரம் காயவைக்கும்.

1773இல், வீடு தீப்பிடித்தால் எப்படித் தப்புவது என்று வீட்டாருக்குச் செய்துகாட்டப்போன ராம்சே கீழே விழுந்து கையில் பலத்த அடிபட்டுக்கொண்டார். பிரதிகளின் பாரம் உதவியாளர் பிலிப் ரெய்னகிளின் தலையில் விழுந்தது. ஒரே முகத்தை வருடக்கணக்கில் வரைந்து சலித்துப்போன அவர், பிற்பாடு வேட்டை நாய்களையும் பறவைகளையும் வரையப் போய்விட்டார்.