கண்ணாடித் தொட்டிக்குள் ஒரு கட்டடவேலை

2023 ஜூலையில் அமெரிக்காவின் ஃபுளோரிடா தென்முனையில், மனாட்டீ விரிகுடா என்னும் ஆழமில்லாத நீர்ப்பரப்பில் வெப்பம் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. அடுத்திருந்த பவளத் திட்டுகள் வெளுத்தன. கடலடி நாற்றங்கால்களில் வளர்த்துவந்த பவளங்களை ஆயிரக்கணக்கில் அள்ளிவந்து, லாங் கீ தீவிலுள்ள கடல் ஆய்வுக்கூடத் தொட்டிகளில் இறக்கினார்கள். அந்த மீட்புவேலையின் படங்களோடு சேர்ந்து ஒரு பேச்சும் கிளம்பிவிட்டது: விளக்கும் பம்பும் விலை குறைந்துவிட்டன, வீட்டுக்கு வீடு ஒரு தொட்டி வைத்தால் பவளம் பிழைத்துக்கொள்ளும் என்று. நான் இதை நம்பவில்லை. பவளம் தன் சுண்ணாம்புக் கூட்டைக் கட்டும் விதத்தைக் கிட்டே போய்ப் பார்த்தால் நீங்களும் நம்பமாட்டீர்கள்.

தொட்டி வைத்தவர்களைக் கேட்டால் முதலில் கருவிகளைப் பற்றித்தான் சொல்வார்கள். நீலம் தூக்கலான எல்இடி, அலைபோல் நீரைத் தள்ளும் பம்பு, வெப்பத்தை 25, 26 டிகிரியில் பிடித்து நிறுத்தும் சில்லர், ஆவியான அளவுக்கு ஊற்ற ஆர்.ஓ. தண்ணீர். எல்லாம் காசு கொடுத்தால் கிடைப்பவை. காசால் ஒரேயடியாகத் தீராத சிக்கல் வேறொன்று இருக்கிறது. பவளம் நன்றாக வளர வளர, தான் இருக்கும் தண்ணீரையே தின்று தீர்க்கிறது.

பவளத்தை ஒரு மேஸ்திரியாக நினைத்துக்கொள்ளுங்கள். அவர் கட்டும் சுவர் கால்சியம் கார்பனேட். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 420 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. வாசலில் கொட்டிய மணல் லோடு அது. பைகார்பனேட்தான் சிமெண்ட், அதுவோ சில மூட்டைகள்தான். டிகேஎச் என்னும் ஜெர்மன் அளவில் 7, 8 என்று இருக்கும். கலவையில் ஒரு கால்சியத்துக்கு இரண்டு பைகார்பனேட் போயாக வேண்டும். ஆகவே கால்சியம் 420-லிருந்து 400-க்கு இறங்குவதற்குள் டிகேஎச் 8-லிருந்து 5.2-க்கு விழுந்துவிடுகிறது. மணலில் இருபதில் ஒரு பங்கு போவதற்குள் சிமெண்டில் மூன்றில் ஒரு பங்கு காலி. வேகமாக வளரும் அக்ரோபோரா வகைப் பவளங்கள் நிறைந்த தொட்டியில் இரண்டு மூன்று நாளிலேயே இந்த அளவு செலவாகிவிடும். கால்சியத்தை மட்டும் சோதித்துவிட்டுத் தண்ணீர் சரியாக இருக்கிறது என்று இருப்பவரின் தொட்டியில் பவளம் சுணங்குவது பல சமயம் இதனால்தான். சிமெண்ட் மூட்டைக்குள்ளேயே இறுகிவிடாமல் காப்பதற்கும் ஒன்று உண்டு, மக்னீசியம். லிட்டருக்குச் சுமார் 1,300 மில்லிகிராம். அது குறைந்தால் சுண்ணாம்பு ஹீட்டரிலும் பம்பிலும் போய்ப் படியும்.

இதில் என்னை மயக்குவது சித்தாளின் வேலை. பவளத்தின் அடித்தோலுக்கும் கூட்டுக்கும் நடுவே நூலிழையினும் மெல்லிய ஓர் இடைவெளி உண்டு. கட்டடவேலை முழுவதும் அதற்குள் நடக்கிறது. சுண்ணாம்பு கெட்டிப்படும்போதெல்லாம் ஹைட்ரஜன் அயனி மிஞ்சும். அது குவிந்தால் அமிலமாகி, எழுப்பிய சுவரையே அரிக்கும். அதற்காகச் செல்சவ்வில் ஒரு புரதப் பம்பு இருக்கிறது, அதுதான் சித்தாள். ஒரு கால்சியத்தை உள்ளே இறக்கிவிட்டு இரண்டு ஹைட்ரஜனை வெளியே தள்ளுகிறது. மணலோடு ஒரு சட்டி, திரும்பும்போது இடிபாட்டோடு இரண்டு சட்டி! இந்த நடை ஓயாமல் நடப்பதால், அந்த இடைவெளியின் பிஎச் சுற்றியுள்ள கடல்நீரைவிட உயர்ந்தே நிற்கிறது. கலவை சட்டென்று பிடிக்கிறது. சித்தாளுக்குச் சோறு போடுபவை மாடியில் குடியிருக்கும் ஒற்றைச்செல் பாசிகள். வெளிச்சத்தில் சமைத்ததில் பெரும்பங்கை அவை கீழே அனுப்பிவிடுகின்றன. பகலில் சுவர் இரவைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு வேகமாக எழுவது அதனால்தான்.

ஆனால் இடிபாட்டைக் கொட்டத் தெருவில், அதாவது சுற்றியுள்ள நீரில், இடம் வேண்டும். ஜன்னலை அடைத்து ஏசி ஓடும் வீட்டில் நாலு பேர் மூச்சு விட்டால் அறையில் கார்பன் டை ஆக்சைடு ஏறுகிறது, தொட்டி நீரில் கரைகிறது. 8.2 இருக்க வேண்டிய பிஎச் 7.8-க்கு இறங்குகிறது. சின்ன எண்ணாகத் தெரியும். ஹைட்ரஜன் அயனியோ இரண்டரை மடங்காகிவிட்டது. தெரு ஏற்கெனவே நிறைந்திருக்க, சித்தாள் ஒவ்வொரு சட்டிக்கும் கூடுதலாக மூச்சு வாங்க வேண்டியிருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் பிஎச் ஏறும். தொழிற்புரட்சிக்குப் பின் கடல் மேற்பரப்பின் பிஎச் 8.2-லிருந்து 8.1-க்கு இறங்கியதற்கே இத்தனை கவலை ஏன் என்று கேட்பவர்களுக்கு, அடைத்த அறையில் இருக்கும் ஒரு தொட்டியைக் காட்டலாம்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உயிருள்ள கடற்பாறையும் காற்றுக்குமிழியும் கொண்டே தொட்டியை நடத்தலாம் என்று ஜகார்த்தாவின் லீ சின் எங் 1960-களின் தொடக்கத்தில் எழுதினார். 1980-களில் பெர்லின் ஆர்வலர்கள் அதோடு நுரைவடிப்பானையும் சுண்ணாம்புத் தெளிநீரையும் சேர்த்தார்கள். அந்தத் தெளிநீர் அருமையான யோசனை. கால்சியத்தையும் பைகார்பனேட்டையும் பவளம் செலவழித்த அதே விகிதத்தில் திருப்பித் தருகிறது, கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடையும் பிடித்துக்கொள்கிறது. பாசிகள் ஓய்ந்து பிஎச் சரியும் இரவில் சொட்டுச்சொட்டாக விடுவார்கள். வேகமாக ஊற்றினால் தொட்டியே செத்துப்போகும்.

இப்போது இதையெல்லாம் செயற்கை நுண்ணறிவு பார்த்துக்கொள்ளும் என்கிறது விளம்பரம். அளக்கும் முனை அழுக்கேறினால் எந்த அறிவும் தப்பாகத்தான் ஊற்றும். பவளத்துக்கு மெதுவான குறைவைவிட திடீர் ஏற்றம் கொடியது. கடலைக் காப்போம் என்னும் வாதமும் நிற்காது. ஒரு கிளையை ஒடித்து நூறு தொட்டிகளில் ஒட்டி வளர்த்தாலும் மரபில் அது ஒரே உயிர். ஒரு நோய் அத்தனையையும் சாய்க்கலாம். பவளங்கள் கலந்து இனம் பெருக்க வேண்டும். லண்டன் ஹார்னிமன் அருங்காட்சியகத்தில் பருவங்களின் வெப்பத்தையும் நிலவொளியையும் அப்படியே தொட்டிக்குள் உண்டாக்கி, 2013-இல் அவற்றை முட்டையிட வைத்தார்கள். அது ஆராய்ச்சிக்கூட உழைப்பு. வரவேற்பறையில் எதிர்பார்க்க முடியாது.

நம் வாசகர்களுக்குச் சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். கடினப் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. உயிரோடு இருந்தாலும் செத்த கூடானாலும் கடலிலிருந்து எடுப்பதும் விற்பதும் குற்றம். மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பவளப் பாறைகளைப் பல்லாண்டுகள் வெட்டி எடுத்தார்கள். அதன் காயம் அங்கே இன்னும் ஆறவில்லை. அதை ஆற்றத் தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் பவளக் கிளைகளைச் சட்டகங்களில் கட்டிக் கடலடியிலேயே வளர்த்துவருகிறார்கள்.