தோற்கும் அணியையும் விடாமல் பின்தொடரும் உள்ளூர் நிருபர்கள்: என்பிஏ ரசிகர்கள் அவர்களை மதிப்பது ஏன்?

அமெரிக்காவின் யூட்டா மாநிலத் தலைநகர் சால்ட் லேக் சிட்டியைச் சேர்ந்த ‘யூட்டா ஜாஸ்’ கூடைப்பந்து அணி, 2024-25 சீசனில் ஆடிய 82 ஆட்டங்களில் 17-இல் மட்டுமே வென்றது. அந்த அணியின் வரலாற்றிலேயே மிக மோசமான சீசன் அது. நாள்தோறும் தோற்கும் அணியைத் தேசியத் தொலைக்காட்சிகள் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. ஆனால், அந்நகர நாளிதழ்களின் நிருபர்கள் சீசனின் இறுதி வரை அந்த அணியைப் பற்றி எழுதிக்கொண்டே இருந்தனர். ரசிகர்களும் படித்துக்கொண்டே இருந்தனர்.

ஒரே அணியை ஆண்டு முழுவதும் பின்தொடர்ந்து எழுதுபவர்களை ஊடக வழக்கில் ‘பீட்’ நிருபர்கள் என்பார்கள். வட அமெரிக்காவின் தேசிய கூடைப்பந்து சங்கத்தில், அதாவது என்பிஏ-வில், 30 அணிகள் உள்ளன. இவற்றில் நீண்டகாலம் எழுதிவரும் நிருபர்களின் பெயர்கள் அந்தந்த ஊர் ரசிகர்களுக்கு வீரர்களின் பெயர்களைப் போலவே பழகிப்போனவை.

இந்தப் பணி வெளியிலிருந்து பார்ப்பதற்கு இனிமையானது, உள்ளே கடினமானது. செப்டம்பர் இறுதியில் பயிற்சி முகாம் தொடங்குகிறது. அக்டோபர் முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரை 82 ஆட்டங்கள். அவற்றில் ஏறத்தாழ பாதி வெளியூர்களில். ஆட்டம் முடிவதற்குள் முதல் செய்தியின் பெரும்பகுதியை எழுதி முடித்திருக்க வேண்டும். கடைசி நொடியில் விழும் ஒரு பந்து வெற்றியைத் தோல்வியாக்கினால், எழுதியதை அழித்து மீண்டும் தொடங்க வேண்டும். பிறகு வீரர்களின் உடைமாற்றும் அறைக்குச் சென்று, பேச மனமில்லாதவர்களிடம் கேள்வி கேட்க வேண்டும். 1970-களில் அணியும் நிருபர்களும் ஒரே வாடிக்கை விமானத்தில் பயணித்தனர். இன்று அணிகளுக்குத் தனி விமானம் உண்டு. நிருபரோ மறுநாள் அதிகாலையில் விமான நிலைய வரிசையில் நிற்கிறார்.

செய்தி ஓரிடம், விளக்கம் வேறிடம்

என்பிஏ-வின் பெரிய செய்திகளை இன்று முந்தித் தருபவர்கள் பெரும்பாலும் தேசிய அளவிலான நிருபர்களே. 2025 பிப்ரவரி தொடக்கத்தில், டல்லாஸ் மேவரிக்ஸ் அணியின் முதன்மை நட்சத்திரமான லூகா டான்சிச் லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் அணிக்கு மாற்றப்பட்டார் என்ற செய்தியை இஎஸ்பிஎன் நிருபர் ஷம்ஸ் சரானியா நள்ளிரவில் வெளியிட்டார். அவருடைய சமூக ஊடகக் கணக்கை யாரோ முடக்கிவிட்டார்கள் என்றே பலர் முதலில் நினைத்தனர். செய்தி சில வரிகளில் முடிந்துவிட்டது. டல்லாஸ் ரசிகர்களின் கேள்வி அதற்குப் பிறகுதான் தொடங்கியது. இருபத்தைந்து வயதில் உச்சத்தில் இருந்த வீரரை ஏன் விட்டுக்கொடுத்தார்கள்? முடிவெடுத்தது யார்? அந்தக் கேள்விகளை வாரக்கணக்கில் விடாமல் துரத்தும் வேலை, அந்த அணியை ஆண்டுக்கணக்கில் கவனித்தவர்களிடமே வந்து சேர்ந்தது. அணியின் பொது மேலாளர் நிகோ ஹாரிசன் அதே ஆண்டு நவம்பரில் பதவி நீக்கப்பட்டார்.

முந்தித் தருவது ஒரு திறமை. உடனிருந்து புரியவைப்பது வேறொரு திறமை. பின்னதற்குக் குறுக்குவழி கிடையாது.

தோற்கும் அணிக்குத்தான் இந்த விளக்கம் அதிகம் தேவைப்படுகிறது. என்பிஏ-வில் மிகக் குறைந்த வெற்றிகளைப் பெறும் அணிகளுக்கு, அடுத்து வரும் ‘டிராஃப்ட்’ எனப்படும் புதிய வீரர் தேர்வில் முன்னுரிமை கிடைக்க வாய்ப்பு அதிகம். எனவே சில அணிகள் வெற்றியில் அக்கறை காட்டாமல் இருப்பதே தங்களுக்கு லாபம் எனக் கணக்கிடுகின்றன. நட்சத்திர வீரர் லௌரி மார்கனனை ஆட்டங்களில் இறக்காததற்காக, வீரர்கள் பங்கேற்பு விதியை மீறியதாகக் கூறி, 2025 மார்ச்சில் யூட்டா ஜாஸ் அணிக்கு என்பிஏ ஒரு லட்சம் டாலர் அபராதம் விதித்தது. மைதானத்துக்குப் பணம் கொடுத்து வரும் ரசிகருக்கு, தன் அணி உண்மையில் வெல்ல முயல்கிறதா என்ற ஐயம் எழுந்தால், அதற்கு அணி நிர்வாகம் நேரடியாகப் பதில் சொல்லாது. யார் எத்தனை நிமிடம் ஆடினார், எந்த இளம் வீரர் முன்னேறுகிறார், எந்தக் காயம் நம்பும்படி இருக்கிறது என்பதை ஒவ்வோர் இரவும் அரங்கில் அமர்ந்து குறிப்பெடுத்தவரே சொல்ல முடியும்.

இத்தனைக்கும் பிறகு குலுக்கலில் நடந்தது விசித்திரம். மிக மோசமான மூன்று அணிகளுக்கும் முதல் இடத்துக்கான வாய்ப்பு தலா 14 சதவீதமே. யூட்டா ஐந்தாவது இடத்துக்குச் சரிந்தது. முதல் இடத்தை வென்றது, 1.8 சதவீத வாய்ப்பே வைத்திருந்த அதே டல்லாஸ்.

சில்லறையில் தொடங்கிய நம்பிக்கை

யூட்டா ரசிகர்களுக்கும் நிருபர்களுக்கும் இடையிலான பிணைப்பு விளையாட்டைத் தாண்டியும் வெளிப்பட்டது கொரோனா காலத்தில். 2020 மார்ச் 9 அன்று, செய்தியாளர் சந்திப்பு முடிந்து எழுந்த ஜாஸ் வீரர் ரூடி கோபெர், மேசையில் இருந்த ஒலிவாங்கிகளையும் பதிவுக் கருவிகளையும் விளையாட்டாகத் தொட்டுவிட்டுச் சென்றார். இரண்டு நாள்களுக்குப் பிறகு, ஓக்லஹோமா சிட்டியில் ஆட்டம் தொடங்கும் தறுவாயில், அவருக்குத் தொற்று உறுதியானது. ஆட்டம் ரத்தானது, அன்றிரவே என்பிஏ சீசன் முழுவதும் நிறுத்தப்பட்டது. அவர் தொட்ட கருவிகள், அன்றாடம் அந்த அணியைப் பற்றி எழுதும் நிருபர்களுடையவை.

விளையாட்டே இல்லாத நாள்களில் விளையாட்டு நிருபர் என்ன செய்வார்? ‘சால்ட் லேக் டிரிபியூன்’ நாளிதழின் ஜாஸ் நிருபர் ஆண்டி லார்சன், ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் ‘டிரிபிள் டீம்’ என்ற தலைப்பில் மூன்று கருத்துகளை எழுதுபவர். புள்ளிவிவரங்களை அலசுவதில் பழகியவர். அவர் அந்தப் பழக்கத்தைக் கொண்டே தொற்றுப் பரவல் எண்களை விளக்கி எழுதத் தொடங்கினார். எந்த எண் நம்பத்தக்கது, எது அச்சமூட்ட மட்டுமே உதவும் என்பதை, ஆட்டப் புள்ளிகளை விளக்கும் அதே நிதானத்துடன் எழுதினார். கூடைப்பந்துக்காக அவரைப் படித்தவர்கள் இதையும் படித்தனர்.

அதே ஆண்டின் பிற்பகுதியில், தன்னிடம் சேர்ந்திருந்த சில்லறையை எண்ணிய லார்சன், 165 டாலர் சொச்சம் இருப்பதாகவும், தேவைப்படுவோருக்குத் தர விரும்புவதாகவும் ட்விட்டரில் குறிப்பிட்டார். உதவி கேட்டவர்களைவிடக் கொடுக்க முன்வந்தவர்களே குவிந்தனர். அவர் வழியாகச் சேர்ந்த தொகை 50 ஆயிரம் டாலரைத் தாண்டியது. அன்றைய மதிப்பில் 37 லட்சம் ரூபாய்க்கும் அதிகம். அது சிரமத்தில் இருந்த குடும்பங்களுக்குப் பிரித்து அளிக்கப்பட்டது. அறக்கட்டளையும் இல்லை, அலுவலகமும் இல்லை. ஒரு நிருபரின் பெயர் மட்டுமே இருந்தது. முன்பின் பார்த்திராதவர்கள் அவரை நம்பிப் பணம் அனுப்பியதற்கு, ஆண்டுக்கணக்கில் அவர் எழுதியதைப் படித்திருந்தார்கள் என்பதைத் தவிர வேறு பிணை இல்லை.

புகழ்பாடுவது அல்ல

ரசிகர்கள் எதிர்பார்ப்பது தங்கள் அணிக்குக் கொடி பிடிப்பவரை அல்ல என்பதும் கவனிக்கத்தக்கது. அணிகள் தங்கள் இணையதளங்களுக்கெனத் தாங்களே எழுத்தாளர்களை வைத்திருக்கின்றன. அவற்றில் தோல்வி கூட மென்மையாகவே ஒலிக்கும். சம்பளத்துக்கு அணியைச் சாராத ஒருவர், பயிற்சியாளரின் முகத்துக்கு நேரே கேட்கும் கேள்விக்குத் தனி மதிப்பு உண்டு. அதே பயிற்சியாளரை மறுநாள் காலையும் சந்தித்தாக வேண்டும் என்பதே இந்தப் பணியின் சங்கடம். அதன் நேர்மைக்கு அதுவே சோதனையும் ஆகும். கடுமையாக எழுதினால் சில ரசிகர்கள் சினம் கொள்வதும் உண்டு.

பாஸ்டன் நகரின் பாப் ரயான் இதற்குப் பழைய எடுத்துக்காட்டு. ‘பாஸ்டன் குளோப்’ நாளிதழுக்காக 1969ஆம் ஆண்டு செல்டிக்ஸ் அணியைப் பின்தொடரத் தொடங்கினார். பதிமூன்று சீசன்களில் பதினோரு பட்டங்கள் வென்ற பில் ரஸல் அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தார். ரயானின் முதல் சீசனில் அணி 34 ஆட்டங்களில் வென்று 48-இல் தோற்றது. புகழின் உச்சத்தில் அல்ல, சரிவில் தொடங்கிய அந்தப் பயணம் அவரைக் கூடைப்பந்துப் புகழரங்கின் ஊடக விருது வரை கொண்டுசென்றது. அதே நாளிதழில் எழுதிய ஜாக்கி மெக்முல்லனும் 2010ஆம் ஆண்டு அவ்விருதைப் பெற்றார்.

இந்தியாவிலும் இந்த எழுத்துக்கு இடம் உண்டு. மும்பையில் பிறந்த விவேக் ரணதிவே உரிமையாளராக உள்ள சாக்ரமெண்டோ கிங்ஸ் அணியும், இந்தியானா பேசர்ஸ் அணியும் 2019 அக்டோபரில் மும்பையில் மோதியதே இந்நாட்டில் நடந்த முதல் என்பிஏ ஆட்டம். ஆனால் வழக்கமான ஆட்டங்கள் இந்திய நேரப்படி அதிகாலையிலும் வேலைக்குப் புறப்படும் நேரத்திலும் நடைபெறுகின்றன. முழு ஆட்டத்தையும் பார்க்க இயலாத ரசிகருக்கு, அந்த ஊர் நிருபரின் கட்டுரையே பல நாள்களில் ஆட்டமாகிவிடுகிறது.

விமானச் சீட்டுக்குப் பணம் எங்கே?

இந்த எழுத்தைத் தாங்கும் நாளிதழ்கள் நலிந்து வருகின்றன. அமெரிக்காவில் 2005ஆம் ஆண்டுக்குப் பிறகு மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமான செய்தித்தாள்கள் மறைந்துவிட்டன. ஒவ்வோர் அணிக்கும் ஒரு நிருபர் என்ற கொள்கையுடன் வளர்ந்த ‘தி அத்லெடிக்’ இணைய ஏட்டை, ‘நியூயார்க் டைம்ஸ்’ நிறுவனம் 2022ஆம் ஆண்டு 55 கோடி டாலருக்கு வாங்கியது. மறு ஆண்டே ஏறத்தாழ 20 பேர் பணிநீக்கம் செய்யப்பட்டனர். அந்தக் கொள்கையும் கைவிடப்பட்டது. வெளியூர்ப் பயணத்துக்கு ஆகும் செலவே பெரும்பாலும் முதலில் வெட்டப்படுகிறது. தொலைக்காட்சியில் ஆட்டம் பார்த்து எழுதலாம்தான். ஆனால் தோற்ற பிறகு யார் யாருடன் பேசாமல் எழுந்து சென்றார் என்பது திரையில் தெரியாது.

சால்ட் லேக் டிரிபியூனும் தப்பவில்லை. 2018ஆம் ஆண்டு அதன் செய்திப் பிரிவில் சுமார் 90 பேரில் 34 பேர் நீக்கப்பட்டனர். 2019-இல் அது லாப நோக்கமற்ற அமைப்பாக மாறியது. நீண்ட வரலாறுள்ள அமெரிக்க நாளிதழ் ஒன்று அவ்வாறு மாறியது அதுவே முதல் முறை. 2020 இறுதியில் அதுவும், அந்நகரின் மற்றொரு நாளிதழான ‘டெசரெட் நியூஸ்’ ஏடும் தினசரி அச்சுப் பதிப்பை நிறுத்தின. இன்று டிரிபியூனின் வருவாயில் வாசகர்களின் சந்தாவும் நன்கொடையும் முக்கியப் பங்கு வகிக்கின்றன. ஜாஸ் அணி ஆடும் அரங்கில் ஒரு நிருபர் அமர்ந்திருப்பது, ஓரளவுக்கு அவரைப் படிப்பவர்கள் தரும் பணத்தால்தான்.