பாலாடைக்கட்டி பழுக்கும் வகை

மழைக்காலத்தில் ஈரம் உலராமல் மடித்து வைத்த பனியன் துணியில் பூசணம் பூத்திருப்பதைத் திருப்பூர் மாணவர் பலர் கண்டிருப்பீர்கள். கறுத்த புள்ளி விழுந்த துணி கழிவுக்கே போகும். ஆதலின் பூசணம் என்றவுடன் நமக்கு அருவருப்பு உண்டாவது இயல்பே. ஆயினும் அதனை வேண்டுமென்றே விதைத்து வளர்த்து, அதனாலேயே சுவை பெறும் உணவும் உண்டு. பிரான்சு நாட்டின் நார்மாண்டிப் பகுதிக்குரிய காமம்பேர் என்னும் மென்மையான பாலாடைக்கட்டியே அஃது.

பாலைப் பக்குவப்படுத்துதல் நமக்குப் புதிதன்று. ஊத்துக்குளி வெண்ணெயை அறியாதார் யார்? உறைமோர் இட்ட பாலில் நுண்ணுயிர்கள் பெருகிப் பாற்சர்க்கரையைப் புளிப்பாக மாற்றுதலால் தயிர் தோன்றுகிறது. தயிரின் கதை அப்புளிப்போடு முடிகிறது. பாலாடைக்கட்டியின் கதையோ அங்கேதான் தொடங்குகிறது.

பாலைப் பொங்கக் காய்ச்சுதல் நம் வழக்கம்; இதற்கு அது பொருந்தாது. பொங்கிய பால் உறுதியாகத் திரளாது. காய்ச்சாத பாலும் ஆகாது; அதில் நோய்க்கிருமி இருப்பின் கட்டியிலும் உயிர்த்திருக்கக்கூடும். 63 டிகிரி செல்சியசில் 30 நிமிடம் வைத்து ஆற்றிய பாலே தக்கது. அது 32 டிகிரி அளவிற்கு ஆறியபின், புளிப்பேற்றும் நுண்ணுயிரையும் பெனிசிலியம் காமம்பெர்ட்டி என்னும் வெண்பூசணத்தின் வித்துத் தூளையும் இட்டு, உறைபொருளைச் சேர்ப்பர். பண்டு தொட்டு இவ்வுறைபொருள் கன்றின் இரைப்பையினின்று எடுக்கப்படுவது. இக்காலத்தில் வேறொரு பூசணத்தினின்று எடுத்ததும் கிடைத்தலால், சைவ உணவினரும் தயங்க வேண்டுவதில்லை. ஒரு மணி நேரத்திற்கு மேல் அசையாது வைத்தால் பால் திரளும். அத்திரளை அகப்பையால் மெல்ல மொண்டு, துளையுள்ள வட்ட அச்சுகளில் இட்டு, தன் எடையாலேயே நீர் வடிய விடுதல் வேண்டும், பிழியலாகாது. மறுநாள் இருபுறமும் உப்பைத் தடவுவர். ஏறத்தாழ 2 லிட்டர் பாலுக்கு 250 கிராம் எடையுள்ள கட்டி ஒன்று கிடைக்கும்.

இதுவரை செய்தது எளிது, அருமை இனிமேல்தான். இக்கட்டிக்கு 12 டிகிரி குளிரும், மிகுந்த ஈரக்காற்றும் வேண்டும். சித்திரையில் 35 டிகிரியைக் கடக்கும் நம் ஊரில் அதற்கு எங்கே போவது? குளிர்ப்பெட்டியின் குளிரோ 4 டிகிரி. அதில் பூசணம் மிகவும் மெதுவாகவே வளரும். பழைய குளிர்ப்பெட்டியில் வெப்பங்காக்கும் கருவியைப் பொருத்தி, அதனுள் மூடியுள்ள டப்பாவில் கட்டியை வைப்பார் உளர். நாள்தோறும் அதனைப் புரட்டி, மூடியில் அரும்பும் நீர்த்துளியைத் துடைத்தல் வேண்டும். பத்து நாளில் வெண்பட்டுப் போர்த்தாற்போல் பூசணம் கட்டியை மூடிவிடும்.

அப்பூசணம் மேற்பரப்பிலுள்ள புளிப்பை உண்கிறது. நொதி என்னும் பொருளைச் சுரந்து பாலின் புரதத்தைச் சிதைக்கிறது. புளிப்புக் குறையக் குறையக் கட்டி வெளியிலிருந்து உள்நோக்கி இளகும். (பனியன் துணியின் மேல் நீட்டி நிற்கும் நுண்ணிழைகளை அகற்றி வழவழப்பாக்கப் பயன்படும் நொதியும் பூசணத்தினின்று பெறுவதே. துணியைக் கெடுக்கும் இனமே துணிக்கு மெருகும் தருகிறது!)

அழுகுதலுக்கும் பழுத்தலுக்கும் இடையிலுள்ள எல்லை மிகச் சிறிது. என் பெயரன் முதன்முறை செய்தபோது டப்பாவைத் துடைக்க மறந்தான். நான்காம் நாள் வெண்மைக்கு மாறாகச் சாம்பல் நிற மயிர் முளைத்து, நுனியில் கறுத்திருந்தது. பிரெஞ்சுக்காரர் இதனைப் ‘பூனை மயிர்’ என்பர். மேலே சுரண்டிவிட்டு உண்ணலாமே என்றான். ஈரமுள்ள மென்கட்டியில் வேண்டாப் பூசணம் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளும் பரவியிருக்கும் என்று சொல்லி, முழுவதையும் எறியச் செய்தேன். 2 லிட்டர் பாலை வீணாக்கியதற்கு அவன் பாட்டி என்னையே கடிந்துகொண்டாள்.

இரண்டாம் முறை உப்பும் துடைப்பும் தவறவில்லை. வெண்மை படர்ந்தபின் தாளில் சுற்றிக் குளிர்ப்பெட்டியில் வைத்தான். இருபத்தைந்தாம் நாள் அறுத்தபோது காளான் மணம் வீசிற்று. ஓரம் வெண்ணெய்போல் இளகியிருந்தது. நடுவோ இன்னும் சுண்ணாம்புபோல் வெளுத்து, உதிர்ந்தது. மற்றொரு கட்டியை ஒரு வாரம் கழித்து அறுக்குமாறு கூறினேன்.