உங்கள் கணினியைத் தமிழுக்கு ஏற்ப அமைத்துக்கொள்வோம்

(க.பொ.த. சாதாரண தரம் – தகவல் தொடர்பாடல் தொழினுட்பம்)



பாலையூற்றில் வசிக்கும் மாணவி ஒருவர் தமது ஒப்படையை வீட்டுக் கணினியில் பாமினி எழுத்துருவில் தயாரித்தார் எனக் கொள்வோம். சமர்ப்பிக்க வேண்டிய நாளுக்கு முதல்நாள் அதனைப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு, அச்சுப்பிரதி எடுப்பதற்காகத் திருகோணமலை நகரிலுள்ள கடையொன்றுக்குச் செல்கிறார். அங்கே கோப்பைத் திறந்தால் ஓர் எழுத்தேனும் தமிழில் இல்லை. ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்து கிடக்கின்றன. கோப்பு பழுதடைந்துவிட்டதா? நச்சுநிரல் தாக்கியதா? இரண்டும் இல்லை. காரணத்தை அறிந்துகொண்டால் இந்நிலை உங்களுக்கு ஏற்படாது. பரீட்சையில் வரும் குறிமுறைகள் பற்றிய பாடமும் இதனுடன் சேர்ந்து விளங்கிவிடும்.

1. ஏன் இவ்வாறு நிகழ்கிறது?

கணினி எழுத்துகளை எண்களாகவே சேமிக்கிறது. ‘அஸ்கி’ குறிமுறை 7 பிற்றுகளைக் கொண்டது. அதில் 128 குறிகளுக்கே இடம் உண்டு, தமிழுக்கு இடமில்லை. எனவே பாமினி போன்ற எழுத்துருக்களை ஆக்கியோர், ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களின் மேல் தமிழ் வடிவங்களை வரைந்தனர். ‘அம்மா’ என்ற சொல்லைப் பாருங்கள்.

அ – சிறிய ‘எம்’ – 109
ம – சிறிய ‘கே’ – 107
புள்ளி – அரைப்புள்ளி – 59
ம – சிறிய ‘கே’ – 107
அரவு (ா) – சிறிய ‘எச்’ – 104

கோப்பில் உள்ளவை இந்த ஐந்து எண்கள் மாத்திரமே. பாமினி நிறுவப்பட்ட கணினி இவற்றை ‘அம்மா’ எனக் காட்டும். பாமினி இல்லாத கணினி அதே எண்களை ஆங்கில எழுத்துகளாகவே காட்டும். தவறு கடைக்காரருடையதும் அன்று, மாணவியுடையதும் அன்று.

2. யுனிகோட் எவ்வாறு உதவுகிறது?

யுனிகோட் முறையில் உலக மொழிகளின் எழுத்துகளுக்குத் தனித்தனி எண்கள் உண்டு. 1991இல் வெளிவந்த முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. தமிழுக்குரிய இடங்கள் தசம எண்களில் 2944 தொடக்கம் 3071 வரையாகும். மொத்தம் 128 இடங்கள்.

யுனிகோட்டில் ‘அம்மா’: 2949, 2990, 3021, 2990, 3006.

2949 என்பது எந்தக் கணினியிலும் ‘அ’ தான். இலங்கையில் தமிழுக்கான குறிமுறையும் ரெங்கநாதன் விசைப்பலகை அமைப்பும் எஸ்.எல்.எஸ். 1326 : 2008 என்ற நியமத்தில் இடம்பெற்றன.

3. கணினியை அமைக்கும் படிமுறை (விண்டோஸ் 10)

(அ) ‘அமைப்புகள்’ பகுதியைத் திறந்து ‘நேரமும் மொழியும்’ என்பதைத் தெரிவுசெய்க.
(ஆ) ‘மொழி’ என்பதன் கீழ் ‘மொழியைச் சேர்’ என்பதைச் சொடுக்கித் தமிழைத் தெரிவுசெய்க.
(இ) தமிழ் மொழியின் ‘தெரிவுகள்’ பகுதியில் விரும்பிய விசைப்பலகையைச் சேர்க்க. 2019 முதல் வந்த பதிப்புகளில் தமிழ் 99, அஞ்சல் ஆகியனவும் உள்ளன.
(ஈ) விண்டோஸ் விசையை அழுத்தியவாறு இடைவெளி விசையைத் தட்டினால் தமிழும் ஆங்கிலமும் மாறி மாறி வரும்.

தமிழ் எழுத்துருவைத் தனியே தேடவேண்டியதில்லை. விண்டோஸ் எக்ஸ்பியில் ‘லதா’ இருந்தது. விண்டோஸ் 8 தொடக்கம் ‘நிர்மலா யூ.ஐ.’ உண்டு. கோப்புறைகளுக்கும் ‘வரலாறு’, ‘விஞ்ஞானம்’ எனத் தமிழிலேயே பெயரிடலாம்.

4. பழைய பாமினிக் கோப்புகளை என்ன செய்வது?

• எழுத்துரு மாற்றி மூலம் யுனிகோட்டுக்கு மாற்றலாம். ஆனால் இடையிலுள்ள ஆங்கிலச் சொற்களையும் அது தமிழ் எனக் கருதிக் குழப்பிவிடும். எனவே மூலக் கோப்பின் பிரதியிலேயே மாற்றிப் பார்த்து, வரி வரியாகச் சரிபார்க்கவும்.
• அவசரமாயின் கோப்பைப் பீ.டி.எவ். ஆகச் சேமித்துக் கொண்டு செல்லுங்கள். எழுத்துரு அதனுள் பொதிந்து செல்வதால் அச்சு பிழைக்காது. எனினும் அதிலிருந்து வரிகளைப் பிரதிசெய்தால் மீண்டும் ஆங்கில எழுத்துகளே வரும்.

5. அன்றாடப் பழக்கங்கள் மூன்று

• மின்தடை சொல்லிவிட்டு வராது. ஒவ்வொரு பந்தி முடிந்ததும் ‘கொன்ட்ரோல் + எஸ்’ அழுத்திச் சேமியுங்கள்.
• ஒப்படையின் பிரதியொன்றை வேறு சாதனத்திலும் வைத்திருங்கள். அதே கணினியில் இன்னொரு கோப்புறையில் வைப்பது காப்புப்பிரதி ஆகாது.
• பென்டிரைவைப் ‘பாதுகாப்பாக அகற்று’ கட்டளை கொடுத்த பின்னரே கழற்றுங்கள்.

நினைவிற் கொள்க: எழுத்துரு என்பது எழுத்தின் தோற்றம், குறிமுறை என்பது எழுத்தின் எண். யுனிகோட் கோப்பில் எழுத்துருவை மாற்றினால் தோற்றம் மாத்திரமே மாறும். பாமினிக் கோப்பில் எழுத்துருவை மாற்றினால் எழுத்தே மாறிவிடும்.

பயிற்சி வினாக்கள்

1. அஸ்கி குறிமுறையில் தமிழை நேரடியாகக் குறிக்க முடியாதது ஏன்?
2. யுனிகோட்டில் ‘அம்மா’ என்ற சொல்லுக்கு எத்தனை குறிகள் தேவை? ஒரு குறிக்கு 16 பிற்று எனின் மொத்தம் எத்தனை பைற்று?
3. பாமினியில் தட்டெழுதிய கோப்பில், யுனிகோட் முறையில் ‘அம்மா’ எனத் தட்டெழுதித் தேடினால் அச்சொல் கிடைக்குமா? காரணம் தருக.

விடைகள்

1. அதில் 128 குறிகளுக்கே இடம் உண்டு. தமிழ் எழுத்துகளுக்கு எண் ஒதுக்கப்படவில்லை.
2. எழுத்துகள் மூன்றாயினும் குறிகள் 5. 5 × 16 = 80 பிற்று; 80 ÷ 8 = 10 பைற்று.
3. கிடைக்காது. தேடும் எண்கள் 2949 முதலியன. கோப்பில் உள்ளவையோ 109 முதலியன.