நல்லவன் என்ற சான்றிதழ் எதற்கு? – ‘மான்ஸ்டர்’ நாவலை முன்வைத்து

காவலில் ஒரு தலித் இளைஞர் தாக்கப்பட்டால், அவர்மீது பழைய வழக்கு ஏதேனும் உண்டா என்றுதான் முதலில் தேடப்படுகிறது. நாமும் பதிலுக்கு, அவர் நன்றாகப் படித்தவர், ஒழுக்கமானவர் என்றே வாதிடுகிறோம். அப்படிச் சொல்ல இயலாதவருக்காக எவ்வாறு பேசுவது? பதின்பருவத்தினருக்காக வால்டர் டீன் மையர்ஸ் 1999இல் எழுதிய ‘மான்ஸ்டர்’ நாவல் இக்கேள்வியை நேராக எதிர்கொள்கிறது. அமெரிக்காவின் பிரின்ட்ஸ் விருது 2000ஆம் ஆண்டு முதன்முறையாக வழங்கப்பட்டபோது, அதைப் பெற்றது இந்நூலே.

நியூயார்க்கின் ஹார்லெமில் நடந்த கொள்ளையொன்றில் மருந்துக்கடை உரிமையாளர் சுட்டுக் கொல்லப்படுகிறார். முன்னதாகக் கடைக்குள் சென்று நோட்டம் பார்த்ததாக ஸ்டீவ் ஹார்மன் என்னும் 16 வயதுக் கறுப்பினச் சிறுவன்மீது குற்றச்சாட்டு. அவன் சுட்டதாக எவரும் கூறவில்லை. ஆயினும் கொள்ளையில் பங்குகொண்டவர் கொலைக்கும் பொறுப்பாவார் என்பது அங்குள்ள சட்டக் கோட்பாடு. அவன் பெரியவர்களைப் போலவே விசாரிக்கப்படுகிறான். 16, 17 வயதினரைப் பெரியவர்களாகவே நடத்திவந்த முறையை மாற்றும் சட்டத்தை நியூயார்க் மாநிலம் 2017இல்தான் இயற்றியது.

திரைப்படக் கலையில் ஆர்வமுள்ள ஸ்டீவ், தன் வழக்கைத் திரைக்கதையாகவும் நாட்குறிப்பாகவும் எழுதுகிறான். அரசுத் தரப்பு வழக்குரைஞர் வீசிய ‘அரக்கன்’ என்ற சொல்லையே அதற்குத் தலைப்பாக்குகிறான். மையர்ஸ் அவனைப் புனிதனாக்கவில்லை. தெருவில் செல்வாக்குள்ளவர்களின் மதிப்பைப் பெற அவன் ஏங்குகிறான். கூண்டில் அவன் சொல்வதும் நாட்குறிப்பில் எழுதுவதும் முழுமையாகப் பொருந்துவதில்லை. அன்று அவன் என்ன செய்தான் என்பதை நாவல் உறுதியாகச் சொல்வதுமில்லை.

ஐயத்திற்கு இடமின்றிக் குற்றத்தை நிரூபிப்பது அரசின் பொறுப்பு. தன்னை நல்லவனென்று நிரூபிக்கும் கடமை சிறுவனுக்கு இல்லை. ஆனால் இளைஞன், கறுப்பினத்தவன், குற்றம் சாட்டப்பட்டவன் என்பதாலேயே ஜூரிகளில் பாதிப்பேர் முன்கூட்டியே தீர்மானித்திருப்பர் என அவனுடைய வழக்குரைஞரே எச்சரிக்கிறார். இறுதியில் அவன் விடுதலையாகிறான். அவரை அணைத்துக்கொள்ளக் கைகளை விரிக்கிறான், அவர் திரும்பிக்கொள்கிறார். தன்னிடம் அவர் எதைக் கண்டார் என்ற கேள்வி மாதங்கள் கடந்தும் அவனை விடுவதில்லை. வழக்குரைஞர்களாகிய நாம் இக்காட்சியை எளிதில் கடந்துவிட முடியாது.

நம் நாட்டின் 2015ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டம், 18 வயதுவரை எவரையும் குற்ற நோக்கமற்றவராகவே கருத வேண்டும் என்கிறது. அதே சட்டத்தின் 15ஆம் பிரிவோ, கொடுங்குற்றம் சாட்டப்பட்ட 16 வயது நிரம்பியவரின் மனத்திறனையும் உடல்திறனையும் மதிப்பிடச் செய்து, பெரியவராக விசாரிக்க வழிவிடுகிறது. அந்த மதிப்பீட்டில் சேரிச் சிறுவனும் சிறுவனாகவே பார்க்கப்படுகிறானா என்பதை நாம் ஒவ்வொரு வழக்கிலும் கேட்டாக வேண்டும்.

இந்நாவலை வாசிப்பு வட்டங்களில் சேர்ந்து படிப்போம். ‘இவன் உண்மையில் நல்லவன்தானா?’ என்று எந்தப் பக்கத்தில் நமக்குக் கேட்கத் தோன்றியதோ, அங்கிருந்து உரையாடலைத் தொடங்குவோம்.