வாஞ்சிநாதனும் ஆஷும்: போதகர் எதைப் பேசுவது?

திருச்சிராப்பள்ளியிலிருந்து சென்னைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், பெரம்பலூருக்கு வடக்கே ரஞ்சன்குடிக் கோட்டை நிற்கிறது. 1751ஆம் ஆண்டில் இக்கோட்டையைச் சூழ்ந்த வாலிகண்டபுரம் பகுதியில் போர் நடந்தது. சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரரும் ஒருபுறம் நின்றனர்; முகம்மது அலியும் ஆங்கிலேயரும் மறுபுறம் நின்றனர். மறு ஆண்டில் சந்தா சாகிபு தஞ்சைப் படைத்தலைவனிடம் சரணடைந்தபின் தலை வெட்டப்பட்டு மாண்டார். அரசியலுக்காகச் செய்யப்படும் கொலை நம் மண்ணுக்குப் புதியதன்று.

இக்கோட்டையருகே போதகர்களும் இறையியல் மாணவர்களுமாக ஒரு சிறு குழு கூடியபோது, தூத்துக்குடி மாவட்டத்திலிருந்து வந்த மாணவர் ஒருவர் ஒரு வினாவை எழுப்பினார். “எங்கள் ஊர்ப் பள்ளியில் விடுதலை நாள் விழாவில் வாஞ்சிநாதனைப் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள், ஐயா. எங்கள் சபையின் முதியவர்களோ, ஆஷ் துரை நம் மக்களுக்கு நன்மை செய்ததால்தான் கொல்லப்பட்டார் என்கிறார்கள். நான் எதைப் பேசுவது?” இவ்வினாவை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. ஆகவே, அறிந்த செய்திகளை முதலில் வரிசைப்படுத்தி, பின்னர் விடைகாண முயலுவோம்.

1. மணியாச்சியில் நிகழ்ந்தது

வாஞ்சிநாதன் 1886இல் செங்கோட்டையில் பிறந்தவர். அவ்வூர் அந்நாளில் திருவிதாங்கூர் அரசைச் சேர்ந்திருந்தது. இயற்பெயர் சங்கரன், தந்தை இரகுபதி ஐயர். புனலூர்க் காட்டிலாகாவில் பணி செய்தார், பொன்னம்மாளை மணந்தார். நீலகண்ட பிரம்மச்சாரி தென்பகுதியில் திரட்டிய இரகசியக் குழுவில் சேர்ந்தார். புதுச்சேரியில் தங்கியிருந்த வ. வே. சு. ஐயரிடம் துப்பாக்கிப் பயிற்சி பெற்றார் என்பர்.

இராபர்ட் வில்லியம் ஆஷ் 1872இல் அயர்லாந்தில் பிறந்தவர். தூத்துக்குடியில் துணை ஆட்சியராக இருந்து, பின்னர் திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் பொறுப்பை ஏற்றவர். 1911 ஜூன் 17ஆம் நாள் காலை, கொடைக்கானலில் இருந்த தம் பிள்ளைகளைக் காண மனைவியுடன் இரயிலில் புறப்பட்டார். மணியாச்சிச் சந்திப்பில் வண்டி நின்றிருந்தபோது வாஞ்சிநாதன் பெட்டியினுள் ஏறி, மனைவியின் கண்முன்னே அவரைச் சுட்டார். பின்பு ஓடிச்சென்று நிலையத்துக் கழிப்பறையில் புகுந்து தம்மைத் தாமே சுட்டு மாண்டார். கொல்லப்பட்டவருக்கு வயது 38; கொன்றவருக்கு 25.

அதன்பின் 14 பேர்மீது சென்னை உயர்நீதிமன்றத்தில் சதி வழக்கு நடந்தது. நீலகண்டருக்கு 7 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. பிற்காலத்தில் அவர் துறவு பூண்டு, நந்தி மலைப் பகுதியில் நெடுங்காலம் வாழ்ந்து, 1978இல் மறைந்தார்.

2. சினத்தின் வேர்

இக்கொலைக்குப் பின்னணியாக உள்ளது தூத்துக்குடியின் வரலாறு. 1906இல் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசி நாவாய்ச் சங்கத்தை நிறுவி, ஆங்கிலக் கப்பல் கும்பினிக்குப் போட்டியாகத் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்டார். 1908 தொடக்கத்தில் கோரல் ஆலைத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்திற்குத் துணைநின்றார். அவ்வாண்டு மார்ச் 12ஆம் நாள் அவர் கைதானதும் மறுநாள் திருநெல்வேலியில் கிளர்ச்சி மூண்டது. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் உயிரிழந்தனர். சிதம்பரனாருக்கு முதலில் விதிக்கப்பட்டது இரட்டை ஆயுள் தண்டனை. மேல்முறையீட்டில் அது குறைக்கப்பட்டது. கப்பல் சங்கமோ 1911க்குள் அழிந்துபோயிற்று.

இவற்றுள் ஆஷின் பங்கு யாது? திருநெல்வேலித் துப்பாக்கிச் சூட்டின்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் விஞ்ச். ஆஷ் தூத்துக்குடியில் இருந்தார். ஆயினும் சுதேசி இயக்கத்தை அத்துறைமுகத்தில் ஒடுக்கிய அரசின் கரமாக இருந்தவர் அவரே. தேசபக்தர் கண்ணில் அவர் அவ்வொடுக்குமுறையின் உருவமாகவே தோன்றினார். அவர்கள் பட்ட துன்பம் கற்பனையன்று. ஓர் அரசு தன் வணிகருக்காக மற்றவரின் உழைப்பை முறித்த அநீதியே அது.

3. சட்டைப்பையிலிருந்த கடிதம்

வாஞ்சிநாதனின் சட்டைப்பையில் தமிழ்க் கடிதமொன்று கிடைத்தது. அக்கடிதமே அவரைப் பற்றிய விவாதத்தின் மையம். ஆங்கில மிலேச்சர் நாட்டைப் பிடித்துச் சனாதன தருமத்தை மிதிக்கின்றனர் என்று அது குற்றஞ்சாட்டுகிறது. இராமனும் கிருஷ்ணனும் சிவாஜியும் ஆண்ட நாட்டில், மாட்டிறைச்சி உண்ணும் ஜார்ஜ் மன்னருக்கு முடிசூட்டுவதா என்று சினக்கிறது. மன்னர் இங்குக் காலடி வைத்ததும் கொல்ல மூவாயிரம் பேர் சபதம் செய்துள்ளனர் என்கிறது. இலண்டனில் முடிசூட்டு விழா நடக்க ஐந்தே நாள் இருந்தது.

இக்கடிதத்தை விடுதலை வேட்கையின் சான்றாகப் படிப்போர் ஒருசாரார். சாதிய ஒழுங்கைக் காக்க எழுந்த குரலாகப் படிப்போர் மற்றொரு சாரார். நம் கருத்தில் இரண்டும் அதில் உள்ளன. ஒன்றை மறைத்து மற்றதைக் காட்டுவது நேர்மையன்று. மாட்டிறைச்சி உண்பவனை இழிந்தவனாகக் கருதும் சொல், கடல் கடந்து வந்தவனை மட்டும் தாக்குவதில்லை. அக்கிரகாரத்துக்கு அப்பால் வைக்கப்பட்டிருந்த நம் மக்களையும் அது தாக்குகிறது. வ. வே. சு. ஐயர் பிற்காலத்தில் சேரன்மாதேவியில் நடத்திய குருகுலத்திலும் இதே முரண்பாடு வெளிப்பட்டது. அங்குப் பிராமண மாணவருக்குத் தனியே உணவளிக்கப்பட்டதைப் பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் 1924-25இல் எதிர்த்துக் கிளர்ந்தனர். நாட்டின் விடுதலையும் மனிதரின் சமத்துவமும் ஒரே நெஞ்சில் எப்போதும் சேர்ந்து குடியிருப்பதில்லை.

4. ஆஷைப் பற்றிய மறுகதை

பேறுகால வேதனையில் துடித்த ஒரு தலித் பெண்ணை ஆஷ் தம் வண்டியில் ஏற்றி அக்கிரகாரத் தெருவழியே அழைத்துச் சென்றார், அதற்காகவே கொல்லப்பட்டார் என்னும் கதை இன்று பரவலாகச் சொல்லப்படுகிறது. நம் சபைகளில் பலர் இதைக் கண்ணீரோடு கூறக் கேட்டிருக்கிறோம். ஆனால் அக்காலத்து ஆதாரம் எதையும் வரலாற்றாசிரியர்கள் இதற்குக் காணவில்லை. வாஞ்சியின் கடிதமும் இதைக் குறிப்பிடவில்லை.

அப்படியானால் முதியவர்களின் நினைவைப் பொய்யென்று தள்ளிவிடலாமா? கூடாது. அக்கிரகாரத் தெருவில் நடக்க நம் முன்னோருக்கு உரிமை மறுக்கப்பட்டது உண்மை. குளத்திலும் கிணற்றிலும் நீர் மறுக்கப்பட்டதும் உண்மை. அந்த உண்மைக்கு ஆஷ் துரையின் சாட்சி தேவையில்லை. துன்பப்பட்டோர் தம் காயத்தை ஒரு பெரிய நிகழ்ச்சியோடு பிணைத்துக் கதையாக்குவது இயல்பு. கதை வரலாறாக நிலைபெறாவிடினும் காயம் வரலாறே. இவ்வேறுபாட்டைப் பொறுமையுடன் விளக்குவது போதகரின் கடமையாகும்.

5. போதகர் கூறத்தக்கது

திருமறையில் எக்லோனைக் குத்திய ஏகூத் மீட்பனாகவே காட்டப்படுகிறான். பவுலைக் கொல்லும்வரை உண்பதில்லை என்று நாற்பதுக்கு மேற்பட்டோர் சபதம் செய்ததும் அத்திருமறையிலேயே வருகிறது. அவர்களும் தாங்கள் சமயத்துக்கே தொண்டு செய்வதாக எண்ணினர். இட்லரைக் கொல்லச் சதி செய்தவரோடு தொடர்புகொண்டு 1945இல் தூக்கிலிடப்பட்ட போன்ஹோஃபரும், தம்மைக் குற்றமற்றவராக எண்ணிக்கொள்ளவில்லை. இலண்டனில் மதன்லால் திங்கரா கர்சன் வில்லியைச் சுட்டுக்கொன்ற 1909ஆம் ஆண்டிலேயே காந்தியடிகள் ‘இந்து சுயராஜ்யம்’ எழுதினார். அதில் அவர் திங்கராவின் நாட்டுப்பற்றை மறுக்கவில்லை; அவ்வன்பு குருடானது என்றார். ஒருவரின் துணிவை மதிப்பது வேறு, அவர் செய்கையை நியாயப்படுத்துவது வேறு என்னும் தெளிவு இங்குக் கிடைக்கிறது.

ஆகவே அம்மாணவருக்கு நாம் கூறியது இதுவே. பள்ளி மேடையில் வாஞ்சிநாதனின் துணிவை மறைக்காதீர். அவர் கடிதத்தையும் மறைக்காதீர். சபையில் ஆஷைப் புனிதராக்காதீர். அவர் அரசு செய்த அநீதியைச் சொல்லுங்கள். இரு இடங்களிலும் ஒரே உரையைப் பேசுங்கள். பள்ளிக்கு ஒன்றும் சபைக்கு வேறொன்றுமாகப் பேசுவோரின் சாட்சி நிலைக்காது.

இன்று அந்த இரயில் நிலையம் வாஞ்சி மணியாச்சி என்று பெயர் பெற்றுள்ளது. செங்கோட்டையில் வாஞ்சிக்கு மணிமண்டபம் உண்டு. தூத்துக்குடியில் ஆஷின் நினைவு மண்டபமும் நிற்கிறது. பாளையங்கோட்டையில் அவர் கல்லறை இருக்கிறது. ஆஷின் பேரன் வாஞ்சியின் குடும்பத்தாருக்கு ஒப்புரவும் நட்பும் தெரிவித்துச் செய்தி அனுப்பியதை வரலாற்றாசிரியர் ஆ. இரா. வேங்கடாசலபதி பதிவு செய்துள்ளார். தாத்தா சுடப்பட்டார் என்பதை அவர் மறக்கவுமில்லை, சுட்டவரின் இலட்சியத்தை மறுக்கவுமில்லை. உண்மையை மறைக்காமல் ஒப்புரவை நாடுவது இயலும் என்பதற்கு இது போதிய சான்று.

மாணவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்பு, “அப்படியானால் இரு பக்கத்தாரும் என்மீது வருத்தப்படுவார்களே, ஐயா” என்றார். வருத்தப்படலாம். ஆயினும் இரு பக்கத்தாரும் உண்மையை ஒருவர் வாயிலிருந்தே கேட்டிருப்பார்கள். அழைப்பை ஏற்றுக்கொள்ளும்படி அவரை அனுப்பிவைத்தோம்.