டுபாய் எவ்வளவு தூரம்?

டுபாய்க்கு முதற்தடவையாகச் சாமான் எடுக்கப் போகும் இளம் வியாபாரிகள் என்னிடம் கேட்பது, "நானா, எத்தனை மணித்தியாலப் பயணம்?" என்பதுதான். கேள்வி சின்னது. ஆனால் அதன் பதிலைச் சரியாக விளங்காததால் நான் கொடுத்த விலை பெரியது.

கட்டுநாயக்கவிலிருந்து டுபாய்க்கு ஆகாய வழியில் சுமார் 3,300 கிலோமீற்றர். நேரடி விமானத்தில் போக ஏறத்தாழ நாலரை மணித்தியாலம். உயரத்தில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசுவதால், திரும்பி வரும்போது சற்றுக் குறையும்.

டிக்கட்டில் இந்தக் கணக்கு தெரியாது. அதில் புறப்படும் நேரம் அந்த ஊர் நேரம், இறங்கும் நேரம் இந்த ஊர் நேரம். டுபாய் நம்மை விட ஒன்றரை மணித்தியாலம் பின்னால். (2006 ஏப்ரலில் நமது நேரம் மாற்றப்படும் வரை இரண்டு மணித்தியாலம்.) காலை 10.00க்குப் புறப்பட்டு பகல் 1.00க்கு இறங்குவதாக இருந்தால் பயணம் மூன்று மணித்தியாலமல்ல, நாலரை. திரும்பும்போது அதிகாலை 2.15க்கு ஏறி காலை 8.00க்கு இறங்கினால், ஐந்தே முக்கால் அல்ல, நாலேகால்தான்.

வியாபாரி வீட்டு வாசலிலிருந்து கணக்குப் பார்க்க வேண்டும். கண்டியிலிருந்து கட்டுநாயக்கவுக்கு மூன்றரை மணித்தியாலம், விமான நிலையத்தில் மூன்று, ஆகாயத்தில் நாலரை, இறங்கிப் பெட்டி எடுத்து தேராவில் அறைக்குப் போக ஒன்றரை. மொத்தம் பன்னிரண்டரை. அன்றைக்கே கடை கடையாக ஏறி விலை பேசலாம் என்று நினைக்க வேண்டாம். களைத்த மனிதன் பேசும் விலை நட்டத்தில்தான் முடியும்.

இனி என் கதை. 2004இல் எனது திரும்பும் டிக்கட்டில் "வியாழன் 02.15" என்றிருந்தது. வியாழன் இரவு என்று நினைத்து, அன்று இஷா தொழுதுவிட்டு ஆறுதலாக விமான நிலையம் போனேன். "உங்கள் விமானம் இன்று அதிகாலையே போய்விட்டதே" என்றார் கவுண்டரில் இருந்தவர். அடுத்த விமானம் நிரம்பியிருந்தது. சனிக்கிழமைக்குத்தான் இடம் கிடைத்தது.

புறக்கோட்டை மொத்த வியாபாரி ஒருவருக்கு நான் கொடுத்திருந்த செக்கின் திகதி வெள்ளிக்கிழமை. காலையில் வந்திறங்கி, மற்றக் கணக்கிலிருந்து பணத்தை மாற்றிப் போடுவதாக இருந்தேன். கையொப்பமிடும் உரிமை எனக்கு மட்டுமே. செக் திரும்பியது.

திங்கட்கிழமை காசோடு அவரிடம் போனேன். எண்ணி எடுத்துக்கொண்டு ஒன்றுதான் சொன்னார்: "ஒரு கோல் எடுத்திருந்தா நான் செக்கைப் போட்டிருக்க மாட்டேனே." உண்மை. வெட்கத்தில் நான் பேசவில்லை. அதன் பிறகு ஆறு மாதம் அவர் எனக்குக் கைக்காசுக்கே சாமான் தந்தார். அதுவரை பத்து வருடம் கடன் தந்த மனிதர்.

ஆகவே, பயணம் போகும் சகோதரர்களே, 02.15 வியாழன் என்றால் புதன் இரவே விமான நிலையத்தில் நில்லுங்கள். திரும்பும் நாளிலோ மறுநாளிலோ செக் திகதி வைக்காதீர்கள். நம்பிக்கையான ஒருவருக்குக் கையொப்ப உரிமை கொடுத்துவிட்டுப் போங்கள். பிசகினால் முதலில் கடன்காரருக்குப் பேசுங்கள். தவறிய விமானத்துக்கு அடுத்த விமானம் உண்டு. தவறிய வாக்கைச் சரிசெய்ய எனக்கு ஆறு மாதம் எடுத்தது.